ட்ரைப் கோல்ட் குவெஸ்ட்டின் கடைசி அல்பம் எனக்கு ஏன் ஏறவில்லை?

வெற்றிலைக்கொடி (களுதாவளை)

எல்லோருக்கும் வணக்கம். வயது 23. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு வருடமாக ராப் செய்கிறோம். குழுவுக்கு ஒரு பெயரும் இருக்கிறது, இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொடங்கும்போது மூன்று பேரும் ஊரில்தான் இருந்தோம். இப்போது ஒருவன் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். மற்றவன் போன வருடம் கட்டார் போய்விட்டான். ஊரில் மிஞ்சியது நானும், அப்பாவின் வெற்றிலைத் தோட்டமும், ஒரு பழைய லெப்டொப்பும்.

இப்போது எப்படிப் பாட்டுச் செய்கிறோம் என்றால், நான் பீட் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவன்கள் போனில் பாடி திருப்பி அனுப்புவான்கள். நான் வெட்டி ஒட்டுவேன். ஒட்டினால் ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் கேட்டுப் பார்த்தால் மூன்று பேர் மூன்று வீட்டுக்குள் இருந்து தனித்தனியாக யாரையோ ஏசுவது போல இருக்கிறது. பாட்டாக இல்லை.

இதை ஒரு ஆளிடம் சொல்லி அழுதேன். அவர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. "எ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட் என்று ஒரு குழு இருக்கிறது, 2016 இல் வந்த அவர்களின் கடைசி அல்பத்தைக் கேள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அல்பத்தின் பெயர் "வீ கொட் இட் ஃப்ரொம் ஹியர்... தேங்க் யூ ஃபோர் யுவர் சேர்விஸ்". பெயரே எனக்கு விளங்கவில்லை. எதை எடுத்துக்கொண்டார்கள், யாருக்கு நன்றி சொல்கிறார்கள்?

சரி என்று டவுனுக்குப் போய்வரும் பஸ்ஸில் வைத்து மூன்று தரம் கேட்டேன். மொத்தம் 16 பாட்டு, ஒரு மணித்தியாலம். இரண்டாவது பாட்டு பிடித்தது, அந்த பேஸ் நெஞ்சுக்குள் வந்து உட்காருகிறது. மற்றதெல்லாம் குழப்பம். யார் பாடுகிறார் என்றே பிடிபடவில்லை. ஒருவர் வரியைத் தொடங்குகிறார், முடிப்பது வேறு குரல். நடுவில் யாரோ சிரிக்கிறார், யாரோ "யா" போடுகிறார். நான் ஒட்டுகிற பாட்டில் இப்படி ஒரு சத்தம் விழுந்தால் முதல் வேலையாக அதை அழித்திருப்பேன். ஆங்கிலமும் என் காதுக்கு வேகம் கூட.

இவர்கள் பெரிய குழு என்று தெரியும். அதனால் பிழை என் காதில்தான் இருக்க வேண்டும். இந்த அல்பத்தில் நான் எதைக் கேட்க வேண்டும்? கேட்டுவிட்டு எங்கள் பாட்டில் எதை மாற்ற வேண்டும்?

பழைய கசட் (ஏறாவூர்)

தம்பி, பிழை உங்கள் காதில் இல்லை. தொடங்கிய இடம்தான் பிழை. ட்ரைப் என்றால் 1991 இல் வந்த "த லோ எண்ட் தியரி", 1993 இல் வந்த "மிட்நைட் மரோடர்ஸ்". இரண்டும் போதும். லோ எண்ட் தியரியில் ஒரு பாட்டுக்கு ஜாஸ் உலகத்தின் பெரிய பேஸ் வித்துவான் ரொன் கார்ட்டர் வந்து வாசித்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஜாஸையும் ராப்பையும் அப்படிக் கலந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அதன் பிறகு வந்தவை எல்லாம் இறங்குமுகம். 1998 இல் குழுவைக் கலைத்துவிட்டு 18 வருடம் கழித்து வந்து பாடுவது, ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் கண்காட்சிப் போட்டியில் மட்டை பிடிக்கிற மாதிரி. கைதட்டலாம், ஸ்கோர் பார்க்கக் கூடாது.

பழைய இரண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கல்லடிக்காரன்

கசட் ஐயாவோடு எனக்கு வழக்கமாகச் சண்டை இல்லை, இன்றைக்குப் பிடிக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சவுண்ட் கட்டுகிற ஆள். திருவிழா, கல்யாணம், கூத்து அரங்கேற்றம், தேர்தல் கூட்டம், எதுவென்றாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். அதனால் பாட்டை வரிகளால் கேட்கிற பழக்கம் எனக்குக் குறைவு. யார் எங்கே நிற்கிறார், மைக்குக்கு எவ்வளவு கிட்ட, அந்த அறை எப்படிப்பட்டது, இதுதான் முதலில் காதில் விழும்.

2016 இல் நானும் கட்டாரில்தான் இருந்தேன். இந்த அல்பம் வந்தது நவம்பர் 11, வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளி லீவு. எங்கள் அறையில் பக்கத்துக் கட்டில் கென்யாக்காரன் ஒருவன், காலையிலேயே ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பாதி நித்திரை. ஆங்கிலம் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஐந்தாவது பாட்டு வந்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "இவங்க எல்லாம் ஒரே அறைக்குள்ளயா நிண்டு பாடினவங்க?"

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான். அறையைக் கேளுங்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயோர்க்கின் குவீன்ஸ் பக்கம் வளர்ந்த கியூ-டிப்பும் ஃபைஃப் டோக்கும் சின்ன வயதுக் கூட்டாளிகள். பீட்டுக்கு அலி ஷஹீத் முஹம்மத். நான்காவது ஆள் ஜரோபி, முதல் அல்பத்தோடு விலகிச் சமையல்காரராகப் போனவர். 98 இல் கலைந்தபோது கியூ-டிப்புக்கும் ஃபைஃபுக்கும் பேச்சே சரியில்லை. அப்புறம் இடைக்கிடை மேடையில் சேர்ந்தார்கள், புது அல்பம் மட்டும் வரவேயில்லை. 2015 நவம்பர் 13 இல், முதல் அல்பத்துக்கு 25 வருடம் ஆனதை ஒட்டி, அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நான்கு பேரும் பாடினார்கள். பாரிஸில் தாக்குதல் நடந்த அதே இரவு. அன்றைக்கு மேடையில் கிடைத்த சூட்டில்தான் இன்னொரு அல்பம் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். வெளியில் யாருக்கும் சொல்லவில்லை.

இனித்தான் உங்களுக்கு வேண்டிய இடம். நியூஜெர்சியில் கியூ-டிப்பின் வீட்டுக்குள் ஸ்டூடியோ. பாடுகிறவர் யாராக இருந்தாலும் அந்த வீட்டுக்கு வர வேண்டும், ஃபைலில் பாடி அனுப்புகிற வேலை கிடையாது என்று கியூ-டிப் சட்டம் போட்டார். இந்த அல்பத்தில் ஆண்ட்ரே 3000 இருக்கிறார், கென்ட்ரிக் லமார் இருக்கிறார், பஸ்டா ரைம்ஸ் இருக்கிறார். கிட்டார் வாசித்த ஜக் வைட், எல்ட்டன் ஜோன் எல்லாம் இருக்கிறார்கள். போன் எடுத்தால் வரி வந்துவிடும் என்கிற வசதி உள்ள மனுசன் போட்ட சட்டம் இது. ஃபைஃப் கலிபோர்னியாவில் இருந்தவர், அங்கிருந்து பறந்து வந்து பாடினார்.

அவர் சுகதேகியும் இல்லை. இளவயதிலிருந்தே நீரிழிவு. 2008 இல் மனைவி தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தார். அதுவும் நிலைக்கவில்லை, 2012 இல் மறுபடியும் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். என் அப்பாவுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள், நான்தான் ஓட்டோவில் கூட்டிப்போய் வருவேன். செய்துவிட்டு வருகிற அன்றைக்கு அவருக்குக் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் கண் மூடிவிடும். "தண்ணி தா" என்று கேட்கக்கூட வாயைத் திறக்கமாட்டார், கையைக் காட்டுவார். அப்படிப்பட்ட வருத்தத்தோடு ஒரு ஆள் அவ்வளவு தூரம் பறந்து வந்து, மைக்குக்கு முன் நின்று, மூச்சுப் பிடித்து ராப் செய்திருக்கிறார். அவருடைய பகுதியைக் கேட்டுப் பாருங்கள், குரலில் வருத்தமே தெரியாது. பகிடி, இடக்கு, கிரிக்கெட்டில் ஸ்லெட்ஜ் பண்ணுகிற மாதிரி ஒரு நக்கல். பெற்றோர் ட்ரினிடாட் ஆட்கள், அந்தப் பேச்சுவழக்கையும் இடையிடையே எடுத்துவிடுவார்.

2016 மார்ச் 22 இல் அவர் காலமானார். வயது 45. அல்பம் அப்போது முடிந்திருக்கவில்லை. மற்றவர்கள் அழுதழுது முடித்தார்கள். பெயர் விளங்கவில்லை என்றீர்களே, அந்தப் பெயரை வைத்தது ஃபைஃப். அர்த்தம் கூட நிற்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. அவர் வைத்தது என்பதற்காக அப்படியே விட்டுவிட்டார்கள். நீங்கள் அதில் மண்டையை உடைக்க வேண்டாம்.

இப்போது வீட்டில் வைத்து, நல்ல ஹெட்போனில், ஐந்தாவது பாட்டைப் போடுங்கள். "டிஸ் ஜெனரேஷன்". ஒருவர் நாலு வரி பாடி முடித்து மற்றவர் நாலு வரி பாடுகிற ஒழுங்கு அதில் இல்லை. கியூ-டிப், ஃபைஃப், ஜரோபி, பஸ்டா நாலு பேரும் பந்தைத் தட்டித் தட்டிக் கொடுக்கிறார்கள். ஒருவர் வரி முடிகிற இடத்தில் மற்றவர் ஏற்கெனவே வாயைத் திறந்துவிட்டார். பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குத்தான் அந்த நேரம் பிடிபடும். நீங்கள் அழித்திருப்பேன் என்று சொன்ன அந்தச் சிரிப்பும் "யா"வும் கூத்தில் பிற்பாட்டுக்காரர் செய்கிற வேலை. ஆட்டக்காரன் ஒரு அடி பாடினால் பின்னால் நிற்கிறவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள், அந்த நேரத்தில்தான் அவன் மூச்செடுப்பான். பிற்பாட்டை அழித்தால் ஆட்டக்காரன் செத்துப்போவான்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். சில வருடத்துக்கு முன் வடமோடிக் கூத்து ஆடுகிற ஒரு குழுவைப் பதிவுசெய்து தரச் சொன்னார்கள். வெளிநாட்டுக் காசு, நல்ல தரமாக வேண்டும் என்றார்கள். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு ஒரு மைக், மத்தளத்துக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, பாடுகிறவர்களைத் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிப் பாடவைத்தேன். ஒரு இரைச்சல் இல்லை, கண்ணாடி மாதிரி வந்தது. போட்டுக் காட்டினேன். அண்ணாவியார் முழுவதையும் கேட்டார். ஏசவில்லை. "இதில ஆடேலாது மகன்" என்று மட்டும் சொன்னார். தருமனும் துரியோதனனும் எதிரும் புதிருமாகத் தர்க்கம் பண்ணுகிற இடம், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் பாடியதால், இரண்டு பேர் பாடப்புத்தகம் வாசித்த மாதிரி இருந்தது. மறுகா முற்றத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, மாமரக் கொப்பில் இரண்டே இரண்டு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பதிந்தேன். காகம் கத்துகிறது, யாரோ இருமுகிறார், சலங்கை மைக்குக்குக் கிட்ட வந்து வந்து போகிறது. அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

உங்கள் மூன்று பேரின் பாட்டில் இல்லாதது இதுதான் என்று கேட்காமலே சொல்வேன். குறை வரியிலும் இல்லை, பீட்டிலும் இல்லை.

இன்னும் இரண்டு இடம் சொல்லிவிட்டுப் போகிறேன். பத்தாவது பாட்டில், "பிளக் ஸ்பாஸ்மொடிக்", ஃபைஃப் பாடி முடித்த பிறகு கியூ-டிப் வந்து, செத்துப்போன ஃபைஃப் தனக்குள் இறங்கிப் புத்தி சொல்வது போலப் பாடுவார். நம்மூரில் சடங்கு பார்த்து வளர்ந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை. தெய்வம் ஏறி வாக்குச் சொல்கிற ஆளின் குரல் மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். பன்னிரண்டாவது பாட்டில் கியூ-டிப்பும் ஜரோபியும் அவரை நினைத்துப் பாடுவார்கள், கியூ-டிப் மேடைப் பெயரை விட்டுவிட்டு மலிக் என்று வீட்டுப் பெயரால் கூப்பிடுவார். அதைப் பஸ்ஸில் கேட்காதீர்கள்.

கசட் ஐயா, ஸ்கோர் பார்க்கக் கூடாது என்றீர்கள். பில்போர்ட் என்கிற அமெரிக்க அல்பப் பட்டியலில் முதலிடத்தில் இறங்கிய அல்பம் இது. நீங்கள் புகழ்கிற இரண்டும் அந்த இடத்துக்குப் போகவில்லை.

பழைய கசட் (ஏறாவூர்)

விற்பனையைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறீர். 1996 இல் வந்த நாலாவது அல்பமும் முதலிடம்தான், அதை இன்று எத்தனை பேர் போட்டுக் கேட்கிறார்கள்? ஆனாலும் அந்த மாமரக் கதை நன்றாக இருக்கிறது. பத்தாவதைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

நெசவுக்காரி (மருதமுனை)

கல்லடி அண்ணன் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். நாலு பேரும் அறைக்குள் நின்றார்கள் என்று படிக்கிறவர்கள் நினைக்கக் கூடும். அலி ஷஹீத் அந்த நேரம் பெரும்பாலும் அங்கே இல்லை. "லூக் கேஜ்" என்கிற தொலைக்காட்சித் தொடருக்கு ஏட்ரியன் யங்கோடு சேர்ந்து இசையமைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது பாட்டில் நீங்கள் எண்ணிய நாலாவது ஆள் பஸ்டா, அவர் விருந்தாளி. அறைச் சட்டம் போட்ட வீட்டிலும் ஒரு கதிரை காலியாகத்தான் இருந்திருக்கிறது. கட்டாரில் கூட்டாளி உள்ள தம்பிக்கு இது ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். தம்பி வேகம் கூட என்று எழுதியிருந்தார். எல்லாச் சொல்லையும் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த அந்த இரண்டாவது, "வீ த பீப்பிள்". அமெரிக்க அரசியலமைப்பு தொடங்குகிற முதல் மூன்று சொல் அது. "மக்களாகிய நாம்" என்று சத்தியம் பண்ணுகிற வாசகம். மேளம் பிளக் சபத் என்கிற பிரித்தானிய ரொக் குழுவிடமிருந்து எடுத்தது. இப்போது கோரஸைக் கவனியுங்கள். அதில் கியூ-டிப் தன் குரலில் பேசவில்லை. கறுப்பர்களே போங்கள், மெக்சிக்கோக்காரரே போங்கள், ஏழைகளே போங்கள், பிறகு முஸ்லிம்கள், தன்பாலினத்தவர் என்று ஒவ்வொருவராக வெளியே போகச் சொல்கிற ஆளின் குரலை எடுத்துப் பாடுகிறார். அதுவும் தாலாட்டு மாதிரி இழுத்து, ஒரு கோபமும் இல்லாமல். முதல் தரம் கேட்டபோது நான் அதை அழகான மெட்டு என்று முணுமுணுத்துக்கொண்டு கோப்பை கழுவினேன். சொல் விளங்கியதும் கை நின்றுவிட்டது.

அமெரிக்கத் தேர்தல் நவம்பர் 8, அல்பம் 11. மூன்று நாளில் எழுதின பாட்டில்லை, முன்னாலேயே செய்து வைத்திருந்தார்கள். அடுத்த நாள் இரவு "சட்டர்டே நைட் லைவ்" நிகழ்ச்சியில் இதைப் பாடினார்கள். ஃபைஃபின் பகுதி வரும்போது அவருடைய முகம் வரைந்த பெரிய சீலையை மேலிருந்து இறக்கிவிட்டு, பதிவில் இருந்த அவர் குரலை ஓடவிட்டார்கள். யூடியூபில் தேடிப் பாருங்கள்.

முஸ்லிம்களான எங்களுக்கு அந்தக் கோரஸ் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு. நான் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போய்வருகிறவள். பஸ் நிறைய ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள், என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக வரும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூடத் திருப்பி ஏசியிருப்பேன். காதில் அந்தப் பாட்டுத்தான் ஓடியது. கியூ-டிப்பும் அலியும் முஸ்லிம்கள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது, அதுவரைக்கும் அதை ஒரு விசயமாக நான் எடுத்ததில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள், களுவாஞ்சிக்குடியில் ஏறின வயதான அம்மா ஒருவர், பொட்டும் பூவுமாக, "தள்ளி இரு மகள்" என்று சொல்லி உட்கார்ந்து, மடியில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். தம்பியின் பெயரைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்தது.

அண்ணன் சொன்ன கூத்துத் தர்க்கத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிராளியின் வரியை எதிராளியின் குரலிலேயே, நியாயம் போலப் பாடிக் காட்ட வேண்டும். உங்கள் மூன்று பேரின் பாட்டில் எல்லோரும் தங்கள் பக்க நியாயத்தை மட்டும்தான் கத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கடைசிப் பாட்டின் பெயர் "த டொனால்ட்". தேர்தல் நேரத்து அல்பம் என்பதால் அது ட்ரம்ப்பைப் பற்றியது என்று நானும் ஏமாந்தேன். ஃபைஃபுக்கு "டொன் ஜூஸ்" என்றொரு பட்டப்பெயர், அவரைப் புகழ்ந்து பாடுகிற பாட்டுத்தான் அது.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும், செய்து பார்த்துவிட்டு எழுதுவோம் என்று இருந்தேன்.

வெள்ளவத்தைக் கூட்டாளி போயா லீவோடு சேர்த்து மூன்று நாள் வந்தான். அறையில் மெத்தையைச் சுவரில் சாத்தி, ஒரு மைக்கை நடுவில் வைத்து, இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்றோம். முதல் ஒரு மணித்தியாலம் சிரிப்பு மட்டும்தான். முகத்தைப் பார்த்தால் வரி வரமாட்டேன் என்கிறது. இரண்டு வருடமாக அவன் எழுதி அனுப்பிய வரியைத்தான் நான் கேட்டிருக்கிறேன், வரிக்கு முன்னால் அவன் மூக்கை உறிஞ்சுவது எனக்குத் தெரியாது. போனில் பாடும்போது அதை வெட்டிவிட்டு அனுப்புவானாம்.

கட்டார்காரனை வீடியோ கோலில் எடுத்தோம். அங்குதான் சிக்கல். அவன் குரல் பிந்தி வருகிறது. நான் விட்ட வரியை அவன் பிடிப்பதற்குள் பீட் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. நாலைந்து தரம் முயன்றுவிட்டு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் செய்யுங்கடா, நான் எதுக்கு" என்றான். பிறகு நெசவுக்காரி அக்கா சொன்னதை வைத்து ஒன்று யோசித்தோம். பாட்டை மாற்றி எழுதினோம். அவன் பகுதி முழுக்க வெளிநாட்டில் இருக்கிறவன் ஊருக்கு எடுக்கிற கோல். நாங்கள் கேட்கிறோம், அவன் பிந்திப் பதில் சொல்கிறான், அதற்குள் நாங்கள் அடுத்ததைக் கேட்டுவிடுகிறோம். அவன் பதிலெல்லாம் முதல் கேள்விக்கு. "சாப்பிட்டியா" என்று கேட்டால் "ம்" வருகிற நேரத்தில் நாங்கள் "காசு அனுப்பினியா" என்று கேட்டாயிற்று. அவனுடைய அம்மா பின்னால் நின்று கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டா.

கல்லடி அண்ணன், ஐந்தாவது பாட்டை வீட்டில் கேட்டேன். இப்போது நாலு குரலும் பிரிந்து கேட்கிறது. ஃபைஃப் குரல் கொஞ்சம் உயரம், மூக்கால் வருகிற மாதிரி. பன்னிரண்டாவதை இன்னும் கேட்கவில்லை.

ஒரு பிரச்சினை. எங்கள் பதிவில் பின்னால் "ங்" என்று ஒரு சத்தம் தொடர்ந்து வருகிறது. மென்பொருளில் அழித்தால் குரலும் சேர்ந்து தேய்கிறது.

பழைய கசட் (ஏறாவூர்)

பத்தாவது கேட்டேன். இரண்டு தரம். அந்த இரண்டு பழைய அல்பத்துக்குப் பக்கத்தில் இதை வைக்கலாமா என்று கேட்டால் இன்னும் மாட்டேன். ஆனால் அதே அலுமாரியில் வைக்கலாம்.

தம்பி, அந்த கோல் பாட்டு முடிந்ததும் இங்கே போடும். மகன் சவூதியில் இருக்கிறான்.

கல்லடிக்காரன்

அலி ஷஹீத் விசயத்தில் தங்கச்சி சொன்னது சரி, நான் கதையின் வேகத்தில் விட்டுவிட்டேன்.

தம்பி, அந்த "ங்" உங்கள் மின்விசிறி. இல்லாவிட்டால் லெப்டொப் சார்ஜரின் எர்த். சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் பதிந்து பாருங்கள், அப்போதும் வந்தால் விசிறிதான். கட்டார் கூட்டாளியின் குரலைக் கோலில் வருகிறபடியே எடுக்காமல், அவனைத் தன் போனிலும் பதியச் சொல்லுங்கள். பிந்துகிற இடத்தைக் கோலில் இருந்து பார்த்துக்கொண்டு, குரலை மட்டும் அவன் போனில் பதிந்ததிலிருந்து எடுத்து வையுங்கள். அதை வட்ஸ்அப்பில் சாதாரண வொய்ஸாக அனுப்பினால் நசித்துப் போடும், டொக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிறு எனக்கு வேலை இல்லை. பெட்டி வைக்கிற அறை சும்மாதான் கிடக்கிறது, இரண்டு நல்ல மைக் இருக்கிறது. வருவதென்றால் காலையிலேயே வாருங்கள், பத்து மணிக்குப் பிறகு தகரம் சுடும், விசிறியும் போட ஏலாது. ஆளுக்கொரு துவாய் கொண்டு வாருங்கள்.